பெயரில் தெரியும் வர்க்கம்: தமிழ்நாட்டில் குழந்தைக்குப் பெயர் வைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெயர் தேடும் பெற்றோர் வழக்கமாகக் கேட்பது "நல்ல பெயர் சொல்லுங்கள்" என்பதைத்தான். அந்த "நல்ல" என்பதற்குள் சாதி, வசதி, படிப்பு, ஊர், கட்சி எல்லாம் ஒளிந்திருக்கின்றன. அதைப் பற்றி வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

ஒரு பெயரைக் கேட்டவுடன் அந்த வீட்டின் வசதியைச் சொல்லிவிட முடியுமா?

ஓரளவுக்கு முடியும். ஆனால் பெயர் முதலில் காட்டிக்கொடுப்பது வயதைத்தான். பழனியம்மாள் என்றால் பாட்டி. மகேஸ்வரி என்றால் பிள்ளைகளுக்குக் கல்யாணம் பேசும் வயது. திவ்யா என்றால் பெரும்பாலும் முப்பதைத் தாண்டியிருப்பார். பிறந்த காலம் பிடிபட்ட பிறகுதான் வசதியைப் பற்றிய ஊகம் வேலை செய்யும்.

ரமேஷ், சுரேஷ் என்ற பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் அவை நகரத்துப் படித்த வீட்டுப் பெயர்கள். கிராமத்தில் முருகேசனும் பழனிசாமியும் இருந்தபோது ரமேஷ் என்றால் அப்பா அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறார் என்று எண்ணத் தோன்றும். எண்பதுகளில் அதே பெயர் தெருவுக்கு நான்கு என்று ஆனது. அதற்குள் நகரத்து வீடுகள் வேறு பெயர்களுக்கு நகர்ந்துவிட்டன. ஆகவே "ரமேஷ் எந்த வர்க்கத்துப் பெயர்?" என்று கேட்டால், எந்த ஆண்டில் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

மேல்தட்டு வைக்கும் பெயரைக் கீழ்த்தட்டு எடுத்துக்கொள்கிறது, உடனே மேல்தட்டு அதைக் கைவிடுகிறது. இவ்வளவுதானா விஷயம்?

பாதி அதுதான். ஆனால் பெயர்களின் போக்கை நெடுநாள் ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியலாளர் ஸ்டான்லி லீபர்சன் இன்னொன்றையும் காட்டினார். யாரையும் பார்த்துக் காப்பியடிக்காமலே ரசனை தானாக நகரும். ஒரு ஓசை காதுக்குப் பழகினால் அதை ஒட்டிய அடுத்த ஓசை பிடிக்க ஆரம்பிக்கும் என்றார். நம் ஊரிலும் அப்படித்தான். ரமேஷ், சுரேஷ், தினேஷ், விக்னேஷ், ரித்தீஷ் என்ற வரிசையைச் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்து ஓர் எட்டுத்தான் தள்ளி நிற்கிறது.

வட இந்தியாவில் குடும்பப் பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. இங்கே ஏன் அப்படி இல்லை?

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. ஈ.வெ. ராமசாமி நாயக்கர் வெறும் ஈ.வெ. ராமசாமி ஆனார். அடுத்த இரண்டு தலைமுறைகளில் முதலியாரும் பிள்ளையும் நாடாரும் கவுண்டரும் பள்ளிப் பதிவேட்டிலிருந்து பெரும்பாலும் காணாமல் போனார்கள். அப்பா பெயரின் முதலெழுத்து மட்டும் மிஞ்சியது.

இதில் யாரும் எதிர்பார்க்காத விளைவு ஒன்று உண்டு. பின்னொட்டு போன பிறகு, ஆளை எடைபோட நினைப்பவருக்குக் கையில் இருப்பது குழந்தைக்கு வைத்த பெயர் மட்டும்தான். சர்மாவும் யாதவும் இருக்கும் ஊரில் முதற்பெயர் சற்று ஓய்வாக இருக்கலாம். இங்கே முழுப் பாரமும் அதன் தலையில். தமிழ்நாட்டுப் பெற்றோர் பெயர் விஷயத்தில் இவ்வளவு அல்லாடுவதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

குப்பன், பிச்சை, மண்ணாங்கட்டி எல்லாம் ஏழைகளுக்கு என்றே வைத்த பெயர்களா?

இதில் இரண்டு சங்கதிகள் கலந்துகிடக்கின்றன. பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது சாவு பயம். குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில், பிறந்த பிள்ளையைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்று வைப்பார்கள். யாரிடமாவது தவிட்டுக்கு விற்றதுபோல் பாவனை செய்து திரும்ப வாங்கித் தவிட்டான் என்றோ, பிச்சையாக வந்தது என்று பிச்சை என்றோ வைப்பார்கள். மட்டமான பெயர் என்றால் எமனும் கண்ணேறும் திரும்பிப் பார்க்காது என்ற நம்பிக்கை. 1970களின் தொடக்கத்தில்கூடத் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூறுக்கு மேல் ஒரு வயதைத் தாண்டவில்லை. 2020இல் அது 13. இந்தப் பெயர்கள் மறைந்ததற்கு நாகரிகத்தைவிடத் தடுப்பூசியும் ஆரம்ப சுகாதார நிலையமும் பெரிய காரணம்.

சாவு பயத்துக்கு வர்க்கம் கிடையாது. அதனால் பணக்கார வீட்டிலும் பிராமண வீட்டிலும் இதே பெயர்கள் உண்டு. மயிலாப்பூரில் சம்ஸ்கிருத ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று இருக்கிறது. அது தாங்கி நிற்பது குப்புசாமி சாஸ்திரியின் பெயரை. பிச்சுமணி ஐயரும் பிச்சை முதலியாரும் ஊர்தோறும் இருந்தார்கள்.

இரண்டாவது சங்கதி பெயர் முடியும் வாலில் இருக்கிறது. ஒரே குப்பைதான், ஒருவர் குப்புசாமி சாஸ்திரி, இன்னொருவர் குப்புசாமி, மூன்றாமவர் குப்பன். ஒரே முனிதான், முனுசாமி, முனியாண்டி, முனியன். கந்தசாமிக்கும் கந்தனுக்கும் நடுவே ஒரு வயல் வரப்பு ஓடியது. பண்ணையாள் பிள்ளைக்குச் "சாமி" என்று முடியும் பெயரை வைத்தால், ஆண்டை அவனைக் கூப்பிடும்போது சாமி என்று சொல்ல வேண்டிவரும். அந்தச் சங்கடம் வராமல் பார்த்துக்கொண்டார்கள். பெயரை எப்படி எழுதிக்கொண்டாலும் கூப்பிடும்போது குறுக்கிவிடுவார்கள். பெண்களிலும் இதே கதை: காளியம்மாள் ஒரு தெரு, காளி இன்னொரு தெரு.

மனுஸ்மிருதியில் பெயர் வைப்பதற்கு விதி இருக்கிறதாமே?

இருக்கிறது. இரண்டாம் அத்தியாயம், 31ஆம் சுலோகம். பிராமணன் பெயர் மங்கலத்தையும், க்ஷத்திரியன் பெயர் வலிமையையும், வைசியன் பெயர் செல்வத்தையும் காட்ட வேண்டும்; சூத்திரன் பெயர் இழிவைக் காட்ட வேண்டும் என்கிறது. நம் கிராமங்களில் யாரும் அதைப் புரட்டிப் பார்த்துப் பெயர் வைக்கவில்லை. கணக்குப்பிள்ளையின் பதிவேட்டைத் திறந்தால் கிடைத்த வரிசை மட்டும் பெரிதாக வேறுபடவில்லை.

வேண்டாம், போதும்பொண்ணு?

இது வர்க்கத்தைவிடப் பெண் பிறப்பைப் பற்றியது. வரிசையாகப் பெண் பிறந்த வீட்டில், இதோடு நிற்கட்டும் என்று வைப்பது. திருத்தணி வட்டாரத்தில் "வேண்டாம்" என்ற பெயரோடு பெண்கள் கல்லூரி வரை போயிருக்கிறார்கள். இது தமிழ்நாட்டின் தனிச்சொத்தும் இல்லை. மகாராஷ்டிரத்தின் சதாரா மாவட்டத்தில் "நகுசா" (வேண்டாதவள்) என்ற பெயர் கொண்ட இருநூறுக்கும் மேற்பட்ட பெண்களுக்கு 2011 அக்டோபரில் விழா எடுத்து வேறு பெயர் வைத்தார்கள். வசதியான வீட்டிலும் அதே ஏமாற்றம் இருந்திருக்கும். அதைக் குழந்தையின் தலையில் எழுதிவைக்காமல் இருக்கும் நாசூக்கு மட்டும் அங்கே உண்டு.

தனித்தமிழ்ப் பெயர்கள் யாருடைய பெயர்களாக இருந்தன?

முதலில் புலவர்களுடையவை. சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற் கலைஞர் ஆனார்; வேதாசலம் மறைமலை அடிகள் ஆனார். அப்புறம் திராவிட இயக்கத்தினருடையவை. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். தட்சிணாமூர்த்தி கருணாநிதி ஆனார். பின்னதும் வடமொழிதான் என்று எதிர்க்கட்சியினர் சீண்டுவார்கள். அவர் கடைசிவரை மாற்றவில்லை.

அதிலிருந்து ஒரு அலை கிளம்பியது. கயல்விழி, தமிழ்ச்செல்வி, இளங்கோ, அறிவழகன், மணிமேகலை. இந்தப் பெயர்களை வைத்தவர்கள் யார் என்று பார்த்தால் தமிழாசிரியர், பஞ்சாயத்து எழுத்தர், மின்வாரிய ஊழியர், அச்சகக்காரர், கட்சிக் கிளைச் செயலாளர். முதல் தலைமுறையாக எழுத்தைக் கையில் பிடித்தவர்கள். குப்பனின் மகன் தன் மகனுக்கு அறிவழகன் என்று வைப்பது லேசான காரியம் இல்லை. அந்தப் பெயரைக் குறுக்கிக் கூப்பிட்டால்கூட "அறிவு" என்றுதான் வரும்.

அரசியல் பெயர்களும் இதே குடும்பங்களில்தான் அதிகம். பெரியார் 1932இல் சோவியத் ஒன்றியம் போய்வந்த பிறகு இயக்கக் குடும்பங்களில் ரஷ்யா, மாஸ்கோ என்றெல்லாம் குழந்தைகள் வளர்ந்தார்கள். மு.க. ஸ்டாலின் பிறந்தது 1953 மார்ச் 1. சோவியத் தலைவர் ஸ்டாலின் இறந்தது மார்ச் 5. காங்கிரஸ் வீடுகளில் காந்தியும் நேருவும் போஸும் இருந்தார்கள்.

இப்போது அந்த அலை வேறு கரையில் இருக்கிறது. யாழினி, நிலா, இனியன், மகிழன், ஆதிரை என்று வைப்பவர்களில் ஐ.டி. வேலைக்காரர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் ஏராளம். ஒருகாலத்தில் "கட்சிக்காரன் வீட்டுப் பெயர்" என்று முகம் சுளித்த வீடுகளின் பேரப்பிள்ளைகளும் இதில் உண்டு. இடையில் ஒரு வேடிக்கை. மா. சுப்பிரமணியன் சென்னை மேயராக இருந்தபோது, மாநகராட்சி மருத்துவமனைகளில் பிறந்து தூய தமிழ்ப் பெயர் சூட்டப்பட்ட குழந்தைகளுக்குத் தங்க மோதிரம் கொடுத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் மாநகராட்சி மருத்துவமனைக்குப் பிரசவத்துக்குப் போவது யார்? தனியார் மருத்துவமனையில் பிறந்த ஆரவுக்கு எந்த மோதிரமும் தேவைப்படவில்லை. அவனைத் தமிழ்ப் பக்கம் இழுக்கவும் யாரும் முயலவில்லை.

அப்படியானால் சாதாரணக் குடும்பங்களில் ஏன் இத்தனை ஷ், ஹ, ஸ்ரீ? ரித்திகாஸ்ரீ, ஹர்ஷினி, யஷ்வந்த், தக்ஷித்… வாயில் நுழையவில்லையே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கேட்கும் தொனியிலேயே பதில் பாதி இருக்கிறது.

வெளிப்படையான காரணங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நட்சத்திர எழுத்து ஒன்று. அஸ்வினிக்கு சு, சே, சோ, லா. ரோகிணிக்கு ஓ, வ, வி, வு. பஞ்சாங்கத்தின் இந்தப் பட்டியல் தமிழ் எழுத்தை மனத்தில் வைத்துப் போட்டது இல்லை. திருவாதிரையின் ஒரு பாதத்துக்கு "ங" வரும். "ங"வில் தொடங்கும் பெயருக்கு எங்கே போவது? முன்பெல்லாம் நட்சத்திரம் பார்த்தாலும் குலதெய்வத்தின் பெயரையே வைத்தார்கள். இப்போது ஜோசியர் எழுத்தைத் தாளில் எழுதித் தந்துவிடுகிறார். பஸ் ஸ்டாண்டில் விற்ற பெயர்ப் புத்தகமும் இன்றைய செல்போன் செயலியும் வட இந்தியப் பட்டியலைத்தான் தூக்கிக் கொடுக்கின்றன.

குழந்தைகள் குறைந்தது இன்னொன்று. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஒன்றரைக்கும் குறைவான குழந்தைகள்தான் பிறக்கின்றன. ஆறாவது பிள்ளைக்கு மாரியாத்தா பெயரை வைத்துவிட்டு அறுப்புக்குப் போன காலம் வேறு. ஒன்றே ஒன்று என்றால் அதற்குத் தெருவில் வேறு யாருக்கும் இல்லாத பெயர் வேண்டும் என்று தோன்றும். பழைய பெயர்களை முன்னும் பின்னும் வெட்டி ஒட்டித்தான் புதுசு செய்ய முடியும். "ஸ்ரீ" இதற்கு ரொம்பக் கைகொடுக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது வேறு. ஷ, ஜ, ஹ, ஸ்ரீ ஆகிய எழுத்துகள் நெடுங்காலம் இந்த மக்களுக்குக் கிடைக்காதவை. அவை அக்ரஹாரத்தில் இருந்தன, வக்கீல் வீட்டில் இருந்தன, பிறகு சினிமாவில் இருந்தன. வாரப்பத்திரிகை நகைச்சுவைத் துணுக்கில் வேலைக்காரி எப்போதும் முனியம்மா. பாட்டி நிஜமாகவே முனியம்மாவாக இருந்து, அம்மா அந்தத் துணுக்கைப் படித்துவிட்டு வளர்ந்த வீட்டில், மகளுக்கு ரித்திகாஸ்ரீ என்று வைக்கிறார்கள். தமிழை மறந்து வைக்கவில்லை. எந்தப் பெயரைச் சொன்னால் ஊர் சிரிக்கும் என்பது அவர்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

கீழே வைக்கப்பட்ட சாதிகள் மேல்சாதி வழக்கங்களைப் பின்பற்றி மேலே போகப் பார்ப்பதைச் சமூகவியலாளர் எம்.என். ஸ்ரீநிவாஸ் "சம்ஸ்கிருதமயமாதல்" என்றார்; அதன் ஒரு துண்டு இது என்று வகுப்பில் சொல்லிவிடலாம். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. தக்ஷித் என்று வைத்த கட்டடத் தொழிலாளி மேல்சாதிச் சடங்கைப் பின்பற்றப் போவதில்லை. அவருக்கு வேண்டியது, பள்ளிக்கூடத்தில் வருகை எடுக்கும்போது தன் பிள்ளையின் பெயரில் யாரும் எதையும் கண்டுபிடிக்கக் கூடாது. அவ்வளவுதான்.

இதில் எரிச்சலூட்டும் விஷயம், கேலி செய்பவர்கள் மாறவே இல்லை என்பது. குப்பன் என்றபோது பெயரைக் கேட்டுச் சிரித்தார்கள். தக்ஷித் என்றால், "இதெல்லாம் ஒரு பெயரா, தமிழில் பெயரே இல்லையா" என்று சிரிக்கிறார்கள். அப்படிக் கேட்பவர்களில் பலருடைய வீட்டுப் பெயர்ப் பட்டியலில் இரண்டு தலைமுறை முன்னதாகவே ஷ-வும் ஜ-வும் வந்துவிட்டன.

தனிப்பட்ட முறையில் எனக்கு யாழினிதான் பிடிக்கும். பிடிப்பது வேறு, தீர்ப்புச் சொல்வது வேறு.

இன்றைக்கு நிஜமாகவே வசதியானவர்கள் என்ன பெயர் வைக்கிறார்கள்?

இரண்டு வகை. ஒன்று, குட்டிப் பெயர்கள்: மாயா, தாரா, ரியா, நீல், கபீர். நியூஜெர்சியிலும் சொல்லலாம், நுங்கம்பாக்கத்திலும் சொல்லலாம். எழுத்து எண்ணிக்கை குறையக் குறைய வசதி கூடுகிறது என்று ஒரு விதி எழுதலாம்போல.

இன்னொரு வகை, பழசுக்குத் திரும்புவது. மீனாட்சி, விசாலாட்சி, ராமநாதன். நகரத்தார் வீடுகளில் தாத்தா பாட்டி பெயரைப் பேரப்பிள்ளைக்கு வைக்கும் வழக்கம் விட்டுப்போகவே இல்லை; வெளிநாட்டில் படிக்கும் பிள்ளையின் பாஸ்போர்ட்டில் மெய்யப்பன் என்றோ வள்ளியம்மை என்றோ சிகப்பி என்றோ இருக்கும். வேறொரு வீட்டில் இதே வகைப் பெயரை வைக்கத் தயங்குவார்கள். தயங்காமல் வைப்பதற்குப் பின்னால் ஒரு தைரியம் தேவை; வங்கிக் கணக்கு அதைத் தரும். பெயர் தூக்கிவிட வேண்டிய அவசியம் இல்லாதவரால்தான் பெயரை அப்படியே விட்டுவைக்க முடிகிறது.

பெயரால் வேலை கிடைக்காமல் போகுமா?

போகும் என்பதற்கு இந்தியாவில் ஆதாரம் உண்டு. சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெலும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பத்திரிகையில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியோடு, பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பம் அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயர் கொண்டவரை அடுத்த கட்டத்துக்கு அழைக்கும் வாய்ப்பை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு அது 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. 2009இல் வெளியான இன்னொரு ஆய்வு டெல்லி வட்டாரத்தில் நடந்தது. மென்பொருள் வேலைகளில் சாதிப் பெயரால் வித்தியாசம் தெரியவில்லை. கால் சென்டர் வேலைகளில் தெரிந்தது. பேச்சும் "பழக்கவழக்கமும்" முக்கியம் என்று முதலாளி நினைக்கும் இடத்தில் பெயர் அதிகம் பேசுகிறது போலும்.

இந்த ஆய்வுகள் பெரும்பாலும் குடும்பப் பெயரை நம்பியவை. தமிழ்நாட்டில் அப்படி ஒன்று இல்லாததால் நேர்முகத் தேர்வில் சுற்றி வளைப்பார்கள். "சொந்த ஊர் எது?" "அங்கே எந்தப் பக்கம்?" "குலதெய்வம் எது?" பெயர் மறைத்ததை இந்த மூன்று கேள்விகள் தோண்டிவிடும்.

அமெரிக்காவிலிருந்து ஒரு செய்தியும் சேர்த்துக்கொள்ளலாம். ரோலண்ட் ஃபிரையரும் ஸ்டீவன் லெவிட்டும் 2004இல் கலிஃபோர்னியாவின் பிறப்புப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். கறுப்பினத்தவர் என்று தெளிவாகத் தெரியும் பெயர் கொண்ட பெண்களின் பிற்கால வாழ்க்கை, பிறந்த வீட்டின் நிலையைக் கணக்கில் எடுத்த பிறகு, பெயரால் பெரிதாக மாறவில்லை என்று கண்டார்கள். அழைப்பு வரும் அந்த ஒரு கட்டத்தில் பெயர் உறுத்தலாம். வாழ்க்கை முழுவதையும் நிர்ணயிப்பது பிறந்த வீடு.

கிறிஸ்தவ, முஸ்லிம் பெயர்களிலும் வர்க்கம் தெரியுமா?

தெரியும். திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் மதம் மாறிய குடும்பங்களுக்கு ஞானஸ்நானத்தோடு மரியாதையான பெயரும் கிடைத்தது. தேவசகாயம், ஞானசிகாமணி, அருளானந்தம், பாக்கியம். கிராமத்தில் மற்றவர்கள் மறுத்த நீளத்தைத் திருச்சபை கொடுத்தது. அந்தப் பேரப்பிள்ளைகள் இன்று ஜோயல், ஏஞ்சல், ஜெஃப்ரி.

தமிழ் முஸ்லிம்களிடம் நாகூர் ஆண்டவர் பெயரான சாகுல் ஹமீது, மீரான், காதர் மைதீன் போன்ற தர்கா மணம் வீசும் பெயர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தன. வளைகுடாப் பணமும் மார்க்கக் கல்வியும் வந்த பிறகு அயான், ரயான், ஆயிஷா. மாநிலம், நாடு தாண்டி எங்கும் செல்லும் பெயர்கள். பெயரைக் கேட்டு ஊரைச் சொல்வது இனிக் கடினம்.

ஈழத்தில்?

யாழ்ப்பாணத்திலும் கந்தையாவுக்கும் கந்தனுக்கும் இடையில் அதே வேலி இருந்தது. பிற்காலத்தில் அங்கே டிலக்சன், நிரோஜன், கஜீபன் என்று ஒரு தனி ஓசை கிளம்பியது. கேட்டவுடன் தமிழ்நாட்டுப் பெயர் இல்லை என்று தெரிந்துவிடும்.

மாமனார் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம். என்ன செய்வது?

பழைய வழிதான். பதிவில் ஒன்று, கூப்பிட ஒன்று. மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது என்ற காலத்தில் வீட்டுக்கு வீடு கூப்பிடும் பெயர் தனியாக இருந்தது. எது பதிவில் போகும் என்பதில்தான் சண்டை. அதை நீங்களே போட்டு முடித்துக்கொள்ளுங்கள்.

எண் கணிதப்படி எழுத்துக் கூட்டலாமா?

நம்பிக்கை உங்கள் விருப்பம். ஆங்கிலத்தில் ஒரு "ஏ"யும் ஒரு "எச்"சும் கூடுதலாகப் போட்டால் அதிர்ஷ்டம் வருமா என்பது தெரியாது. ஆதாரில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று, வங்கியில் ஒன்று என்று ஆவது மட்டும் நிச்சயம். இந்தத் தொல்லை எல்லோருக்கும் ஒரே அளவில் விழுவதில்லை. மாதச் சம்பளக்காரர் விடுப்புப் போட்டுவிட்டு அலைவார். தினக்கூலிக்காரருக்கு ஒவ்வொரு அலைச்சலும் ஒரு நாள் கூலி. அதனால் கூடுதல் எழுத்து போடுவதானால் பிறப்புச் சான்றிதழிலேயே போட்டுவிட்டு, பிறகு அதைத் தொடாதீர்கள்.

இனிஷியல் மட்டும் போதுமா, இல்லை இரண்டாவது பெயர் வேண்டுமா?

உள்ளூரில் இனிஷியல் போதும். அதைத் தமிழில் எழுத வேண்டும் என்று 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ஆணையும் போட்டது. சிக்கல் பாஸ்போர்ட்டில் தொடங்குகிறது. அங்கே குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். அதைக் காலியாக விட்டால் சில நாடுகளில் தகராறு. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி இல்லை என்று அறிவித்தபோது நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் திண்டாடினார்கள்.

கட்டத்தில் அப்பா பெயரைப் போடுவதே இங்கே வழக்கம். அப்போது ஓர் எழுத்துக்குள் மறைந்திருந்தவர் முழுசாக வெளியே வருவார். துபாய் அலுவலகத்தின் அடையாள அட்டையில் "தக்ஷித் முனியன்" என்று இருந்தால், அந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் முப்பது வருஷத் தமிழ்நாடு இருக்கிறது. அட்டையைப் பார்க்கும் அரபிக்கும் மலையாளிக்கும் அதில் ஒன்றும் தெரியாது. பக்கத்து மேஜைத் தமிழருக்குத் தெரியும். சங்கடப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெருமையாக விரித்துச் சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அண்மைக்காலத்தில் இரண்டாவது வகை கூடியிருக்கிறது.

பெயர் இன்னும் முடிவாகவில்லை. பதிவு செய்ய அவசரமா?

பிறப்பைப் பதிவு செய்யத்தான் அவசரம்; 21 நாளுக்குள் செய்துவிடுங்கள். பெயர் இல்லாமலே பதியலாம். அதன் பிறகு 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை அவகாசம் உண்டு. ஆனால் 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம். அதனால் தள்ளிப்போடாதீர்கள். பின்னால் மாற்ற வேண்டுமானால் அரசிதழில் அறிவிப்பு வெளியிட வேண்டும். அதற்கு விண்ணப்பம், கட்டணம், காத்திருப்பு எல்லாம் உண்டு.

பெயரைக் கொடுக்கும்போது தமிழிலும் ஆங்கிலத்திலும் நீங்களே தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். வாயால் சொன்னால் கணினி முன்னால் இருப்பவர் தனக்குத் தெரிந்தபடி அடித்துவிடுவார். அச்சிட்டுத் தருவதற்கு முன் ஒருமுறை திரையைக் காட்டச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். குறிப்பாக ஷ-வும் ஸ-வும்.